பதினோரு ஸ்ட்ரிப்... ஒரு மண்பானை!

‘‘சுகரா... உனக்கா? சின்ன வயசுல ரொம்ப ஸ்வீட் சாப்பிட்டியோ?’’

இந்தக் கேள்விக்குத் தலா ஒரு ரூபாய் வசூல் பண்ணியிருந்தால், இந்நேரம் காலேஜுக்கு நான் புல்லட்டில் வந்திருப்பேன். ஆறாம் வகுப்பில் ஆரம்பித்தது. இப்போ எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. கேள்வி மட்டும் மாறவே இல்லை.

இல்லைங்க. ஸ்வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. உங்க வீட்டுப் பெரியப்பாவுக்கு நாற்பதைத் தாண்டியதும் வருகிறதே... காலையில் வாக்கிங், டப்பா நிறைய மாத்திரை, ‘காபியில அரை ஸ்பூன் மட்டும்’... அது டைப் 2. அவருக்கு இன்சுலின் சுரக்கும், உடம்பு அதைச் சரியாகப் பயன்படுத்தாது. எனக்கு இருப்பது டைப் 1. நம்ம உடம்பின் எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாமல், கணையத்தில் இன்சுலின் தயாரிக்கிற செல்களைப் போட்டுத் தள்ளிவிடும். மாத்திரையெல்லாம் வேலைக்கு ஆகாது. தினமும் வெளியிலிருந்து இன்சுலின் ஏற்றியே ஆகவேண்டும். தீபாவளிக்கும் ஊசி, பிறந்தநாளுக்கும் ஊசி, நோ லீவு!

1922 ஜனவரியில், கனடாவின் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்ட நோயாளி லியனார்ட் தாம்ப்சன். அவனுக்கு வயசு 14. அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகளைக் கிட்டத்தட்டப் பட்டினி போட்டு, கொஞ்ச காலம் ஆயுளை இழுத்துப் பிடித்தார்கள். டாக்டர்கள் கையில் வேறு எதுவும் இல்லை. அதனால் இன்சுலின் என்பது என் போன்றவர்களுக்குச் சோறு, தண்ணி மாதிரி. 2020 ஊரடங்கில், அந்தச் சோறு இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று 15 வயசில் காலண்டரைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்க ஊர் மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டியையும் தாண்டி ஒரு கிராமம். அப்பா குட்டி யானை ஓட்டுகிறார். (பயந்துடாதீங்க, டாடா ஏஸ் வண்டிக்கு எங்க பக்கத்துப் பேர் அது!) மாதம் ஒரு முறை நானும் அம்மாவும் பஸ் ஏறி மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போய் இன்சுலின் வாங்கி வருவோம். திரும்பும்போது ஒரு ஜிகர்தண்டா கடையைத் தாண்டித்தான் நடக்கவேண்டும். அந்த முப்பது அடி தூரத்தை நான் கடந்த விதத்துக்கே ஒரு பரம்வீர் சக்ரா தரலாம்.

ஊரடங்குக்கு முன்னால் என் சுகர் ஒரு அரசு ரகசியம். வீட்டில் நாலு பேர், ஸ்கூலில் ஹெச்.எம்., கிளாஸ் டீச்சர், என் பெஞ்ச் ஃப்ரெண்ட். அவ்வளவு பேருக்குத்தான் தெரியும். ‘‘பொம்பளப் புள்ள. நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணும்ல? வெளிய மூச்சு விடக்கூடாது’’ - இது அப்பத்தா போட்ட ஆர்டர். சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போனால் பந்திக்கு அரை மணி நேரம் முன்னால் பாத்ரூமுக்குள் போய் ஊசி போட்டுக்கொண்டு வருவேன். ‘‘ஏன்டி இம்புட்டு நேரம்?’’ ‘‘வயிறு சரியில்லத்தே.’’ சொந்தபந்தம் மத்தியில் என் பேரே ‘வயித்துக் கோளாறு புள்ள’ என்று ஆகிவிட்டது. சுகருக்கு அது எவ்வளவோ தேவலை என்பது அப்பத்தாவின் கணக்கு.

2020 மார்ச் 27-ம் தேதி எங்களுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை தொடங்கவேண்டும். 24-ம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குத் தமிழ்நாடு முழுக்க 144. அன்று நள்ளிரவிலிருந்து நாடே மூடல். அதற்கு ரெண்டு நாள் முன்னால் சென்னையிலிருந்து பெரியப்பா குடும்பம் நாலு பேர், ‘ஒரு வாரம் இருந்துட்டுப் போறோம்’ என்று வந்து இறங்கினார்கள். அந்த ஒரு வாரம் செப்டம்பரில்தான் முடிந்தது! ஒன்பது பேர், ரெண்டு ரூம், ஒரே பாத்ரூம். இதில் எங்கே ரகசிய ஊசி?

மூன்றாம் நாளே பெரியம்மா ஃப்ரிட்ஜைத் திறந்தார்கள். ‘‘முட்டை வைக்கிற எடத்துல என்னடி இது, மருந்து பாட்டிலு?’’

அம்மா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ‘‘ஆட்டுக்குப் போடுறது.’’

எங்க வீட்டில் ஆடு கிடையாது.

பெரியம்மா எட்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ‘‘அந்த ஆடு இன்னைக்கு ஊசி போட்டுச்சா?’’ என்று என்னைப் பார்த்துக் கேட்டபோது வீடே சிரித்துவிட்டது. அதோடு வீட்டுக்குள் ரகசியம் முடிந்தது. தெருவுக்குத் தெரியக்கூடாது என்ற ஆர்டர் மட்டும் அப்படியே அமலில் இருந்தது.

டி.வி.தான் பெரிய இம்சை. தினமும் சாயங்காலம் சுகாதாரத் துறைச் செயலாளராக இருந்த பீலா ராஜேஷ் வந்து அன்றைய கணக்கைச் சொல்வார். இறந்தவர்கள் பற்றிய பேச்சு வந்ததும் ‘இணை நோய்’ என்ற வார்த்தை வரும். அதற்கடுத்த வார்த்தை பெரும்பாலும் சர்க்கரை நோய்தான். அம்மா உடனே ரிமோட்டைத் தேடுவார். அந்தச் சர்க்கரை நோய் பெரும்பாலும் அறுபது, எழுபது வயதுக்காரர்களின் டைப் 2 என்றோ, சுகர் ஓரளவு கட்டுப்பாட்டில் இருக்கிற சின்னப் பசங்களுக்குக் கொரோனா தீவிரமாவது அபூர்வம் என்றோ அந்த ஆரம்ப மாதங்களில் எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. ராத்திரி படுத்தால் ‘இணை... இணை...’ என்றே காதில் ஓடும். இணை என்றால் ஜோடி என்று பாடப்புத்தகத்தில் படித்தவள் நான். எனக்குக் கிடைத்த ஜோடியைப் பார்த்தீங்களா!

ஆனால் உண்மையான வில்லன் வைரஸ் இல்லை, எங்க வீட்டு ஸ்டாக் ரெஜிஸ்டர்!

மார்ச் 25 காலையில் நானும் அம்மாவும் உட்கார்ந்து எண்ணினோம். இன்சுலின் முழு பாட்டில் மூணு, பாதி ஒண்ணு. அரசு ஆஸ்பத்திரி பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பத்து மில்லி பாட்டிலுக்கு 400 யூனிட். ஆக, கையில் 1,400. காலை, ராத்திரி ரெண்டு வேளையும் சேர்த்து எனக்கு நாளைக்கு 44 யூனிட். வகுத்துப் பார்த்தால் 31 நாள் சொச்சம். அதாவது, ஏப்ரல் 25. சுகர் பார்க்கிற ஸ்ட்ரிப் 38. அதை வெளியில்தான் வாங்கவேண்டும், ஒண்ணு இருபது ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். பாத்திரக்கடை லோடு ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு அன்றிலிருந்து வேலை இல்லை. ஆயிரம் ரூபாய் ரேஷன் நிவாரணத்தில் எத்தனை ஸ்ட்ரிப் வாங்குவது, எத்தனை கிலோ பருப்பு வாங்குவது? பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இப்படி ஒரு கணக்கு கிடையாது.

ஏப்ரல் மூன்றாவது வாரம் அப்பா தேட ஆரம்பித்தார். பஸ் இல்லை. பைக்கில் போனால் வழிநெடுக போலீஸ். விசாரித்த இடத்திலெல்லாம், ‘‘அந்த வகை ஸ்டாக் இல்ல, ரெண்டு நாள்ல வந்துரும்.’’ அதற்குள் இன்னொரு குண்டு விழுந்தது... ஏப்ரல் 26 முதல் 29 வரை மதுரையில் முழு ஊரடங்கு! மெடிக்கல் ஷாப் திறந்திருக்கும் சரி, நாங்கள் எப்படிப் போவது?

24-ம் தேதி ராத்திரி, ஒரு மெடிக்கலில் கிடைத்தது என்று அப்பா ஒரு கவரோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கவரைப் பிரித்தால் சின்னச் சின்னதாகக் கண்ணாடிக் குப்பி. பேனா மாதிரி இருக்கிற இன்சுலின் ஊசிக்குள் போடுகிற ரீஃபில். ‘‘பேனா இல்லேன்னா பரவாயில்ல, சிரிஞ்சுலயே உறிஞ்சிப் போட்டுக்கலாம், எல்லாம் ஒரே இன்சுலின்தான்னு கடைக்காரர் சொன்னாருத்தா.’’

இன்சுலின் ஒண்ணுதான். அடர்த்தி ஒண்ணு இல்லை! லேபிளை விளக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒரு மில்லிக்கு 100 யூனிட். என்னிடம் இருந்தது சிவப்பு மூடி சிரிஞ்ச். அது 40 யூனிட் பாட்டிலுக்காக அளவுக்கோடு போட்டது. அதில் 20-வது கோடு வரை இழுத்தால் அரை மில்லி. 40 யூனிட் மருந்தில் அரை மில்லி என்றால் 20 யூனிட். 100 யூனிட் மருந்தில் அதே அரை மில்லி... 50 யூனிட். இரண்டரை மடங்கு! ராத்திரி போட்டுக்கொண்டு படுத்தால், விடியும்போது நான் எழுந்திருக்காமலே போகலாம்.

மாதாந்திர செக்கப்பில் பார்க்கிற டாக்டரம்மா என் நோட்டில் எப்பவோ ஒரு நம்பர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த ராத்திரி ஒன்பதரைக்கு அடித்தேன். எடுத்தார்! (ஊரடங்கு தொடங்கின அதே மார்ச் 25-ம் தேதிதான், டாக்டர்கள் போனிலும் வீடியோவிலும் வைத்தியம் பார்க்கலாம் என்று இந்தியாவில் முறைப்படி வழிகாட்டு விதிகள் வெளியாயின. அது எனக்குத் தெரிந்தது ரொம்ப நாள் கழித்து.) ‘‘சிவப்பு மூடியால அதைத் தொடவே தொடாத. ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் வாங்கச் சொல்லு, அது நூறு யூனிட்டுக்கானது. அதுல உன் பழைய யூனிட் நம்பரையே எடுத்துக்கோ. பேனா கிடைச்சதும் அதுக்கு மாறிடு. பழைய பாட்டில்ல இன்னைக்கு மிச்சம் இருக்கில்ல? அதைப் போட்டுட்டுப் படு.’’ மறுநாள் காலை அப்பா அதே கடைக்குப் போய் ஆரஞ்சு மூடி வாங்கி வந்தார். அன்றிலிருந்து எங்க வீட்டில் சிவப்புக்கு ஒரு டப்பா, ஆரஞ்சுக்கு ஒரு டப்பா. என் தம்பிக்குக்கூட வித்தியாசம் மனப்பாடம். இந்த ஒரு விஷயத்தை உங்க வீட்டில் இன்சுலின் போடுகிற தாத்தா, பாட்டிக்கும் இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள். பாட்டிலில் என்ன எண்ணோ, சிரிஞ்சில் அதே எண்.

மே மாதம் அப்பாவுக்குக் காய்கறி லோடு கிடைத்தது. பர்மிட் ஒட்டிய வண்டி என்பதால் மதுரைக்குள் போய்வர முடிந்தது. முருங்கைக்காய் மூட்டைக்கு நடுவில், தெர்மகோல் பெட்டியில் இன்சுலின் பயணம் பண்ணியது. பெரியாஸ்பத்திரியில் இரண்டு மாதத்துக்குச் சேர்த்தே கொடுத்தார்கள். அப்பாடா என்று உட்கார்ந்தால், கத்திரி வெயிலில் ஃப்ரிட்ஜ் மண்டையைப் போட்டது!

திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கவேண்டும். திறந்தது, வெளியில் கிட்டத்தட்ட நாலு வாரம் தாங்கும், ஆனால் அறை ரொம்பச் சூடாக இருக்கக்கூடாது. எங்க ஊர் மே மாசத்துக்கு 40 டிகிரி சர்வ சாதாரணம். மெக்கானிக் ‘ஊரடங்கு முடியட்டும்’ என்றார். ‘‘பக்கத்து வீட்டு ஃப்ரீசர்ல வெச்சுட்டா கல்லு மாதிரி இருக்கும்ல’’ என்றார் பெரியப்பா. கல்லு மாதிரி ஆனால் கதை முடிந்தது, உறைந்துபோன இன்சுலினைத் தூக்கித்தான் போடவேண்டும். திறக்காத பாட்டில்களைச் சொந்தக்காரர் வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ‘ஆட்டு மருந்து’ என்ற பேரில் அடைக்கலம் வைத்தோம். பயன்பாட்டில் இருந்த பாட்டிலுக்கு அப்பத்தா வழி சொன்னார். பெரிய மண்பானை, அதற்குள் ஈர மணல், மணலுக்குள் சின்னப் பானை, அதற்குள் பாட்டில், மேலே நனைத்த துணி. ஈரம் ஆவியாகும்போது உள்சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும், ஒன்பதாம் வகுப்பு சயின்ஸ். டாக்டரம்மாவிடம் கேட்டோம். ‘‘ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளுக்கு நாங்களே சொல்றதுதான் அது’’ என்றார். அப்பத்தா மூணு நாள் தரையில் நடக்கவில்லை.

சாப்பாடு பக்கம் வாருங்கள். ஒன்பது பேர் வீட்டில் அடைந்து கிடந்தால் என்ன நடக்கும்? சமையல் நடக்கும்! சென்னை அக்கா யூடியூப் பார்த்து கேக் செய்தாள். அண்ணன் டல்கோனா காபியை நாற்பது நிமிஷம் அடித்தான். மாம்பழ சீஸன் வேறு. வெளியூருக்குப் போகாமல் பழமெல்லாம் உள்ளூரில் தேங்கி, கூடை கூடையாக வீட்டுக்கு வந்தது. கபசுரக் குடிநீரைக் கசப்பு தெரியாமல் இருக்கப் பெரியம்மா தேன் கலந்து கொடுப்பார். எனக்குத் தேன் இல்லாமல், கசக்கக் கசக்க! எனக்கு மாம்பழம் முழுத் தடையெல்லாம் கிடையாது. ஒரு கீற்று சாப்பிடலாம், அதற்கேற்ப சோறு குறையவேண்டும். ஆனால் எட்டு பேர் கொட்டை வரை சப்பிக்கொண்டிருக்கும்போது ஒரு கீற்றோடு எழுந்து போகிற பதினைந்து வயசை யோசித்துப் பாருங்கள்.

ஸ்கூல் இருந்தவரை கோ-கோ விளையாடி சுகரைக் கரைத்தவள் நான். இப்போது மொட்டை மாடியில் கயிறு தாண்டினேன். கீழ் வீட்டுத் தாத்தா, ‘கூரை இடிஞ்சிரும்மா’ என்று கத்தும்வரை.

அப்புறம் நம்பர் சண்டை. ஸ்ட்ரிப்பில் வருகிற நம்பரை அம்மா தினசரி காலண்டர் தாளில் எழுதுவார். 140 என்றால் சிரிப்பு. 260 என்றால், ‘‘என்னடி தின்ன?’’ எதுவுமே தின்னாமலும் ஏறும், பாஸ்! டீன் ஏஜில் சுரக்கிற வளர்ச்சி ஹார்மோன்கள் இன்சுலினை மதிக்காது. பீரியட்ஸுக்கு முன்னால் பலருக்கு ஏறும். தூக்கம் கெட்டால் ஏறும். பரீட்சை உண்டா இல்லையா என்று தெரியாத டென்ஷனில் ஏறும். ஜூன் 1 என்றார்கள், ஜூன் 15 என்றார்கள், கடைசியில் ஜூன் 9 அன்று ஆல் பாஸ் என்றார்கள். அந்த மூணு தேதியும் என் காலண்டரில் நம்பராகப் பதிந்திருக்கிறது. ஒரு நாள் வெடித்துவிட்டேன். ‘‘இது என் ரத்தம்மா, ரேங்க் கார்டு இல்ல. நம்பரைப் பாத்ததும் என்னைத் திட்டாத. எத்தனை யூனிட் போடணும்னு மட்டும் பேசு.’’ அம்மா ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலண்டரும் பேனாவும் என் தலையணைப் பக்கத்தில் இருந்தன. அன்றிலிருந்து எழுதுவது நான், படிப்பது அவர்.

அந்தக் காலத்தில் இத்தாலியில் டைப் 1 டீன் ஏஜ் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றைப் பின்னாளில் படித்தேன். வீட்டில் அடைந்து கிடந்தும், அவர்களுடைய சுகர் முன்னைவிட நன்றாகவே இருந்ததாம். நேரத்துக்குத் தூக்கம், நேரத்துக்குச் சாப்பாடு, கூடவே அப்பா, அம்மா. ஆனால் ஒரு சின்ன விஷயம்... அந்தப் பிள்ளைகள் உடம்பில் சென்சாரும், தானாக இன்சுலின் அளவைக் கூட்டிக் குறைக்கிற பம்பும் இருந்தன! எங்க வீட்டு சென்சார், அம்மா. ஸ்ட்ரிப்பை மிச்சம் பிடிக்க ராத்திரி மூணு மணிக்கு எழுந்து என் கழுத்தில் கை வைத்துப் பார்ப்பார். வியர்த்திருந்தால் சுகர் இறங்குகிறது என்று அர்த்தம், அப்போது மட்டும் ஒரு ஸ்ட்ரிப் செலவழிக்கலாம். வியர்க்காமலும் இறங்கலாம் என்பது ரெண்டு பேருக்கும் தெரியும். வேறு வழி? ஒன்பது பேர் தூங்குகிற வீட்டில், மின்விசிறியும் நின்றுபோன ராத்திரிகளில், வியர்வை சுகராலா புழுக்கத்தாலா என்று கண்டுபிடிக்க அம்மா தன் கழுத்தையும் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

ஜூன் கடைசி. 24-ம் தேதியிலிருந்து மதுரையில் மறுபடி முழு ஊரடங்கு. அப்பாவின் லோடு நின்றது. இன்சுலின் இருந்தது, ஸ்ட்ரிப் பதினொண்ணுதான் பாக்கி.

ரெண்டு வீடு தள்ளி எட்டு வயசுப் பையன் ஒருத்தன். தம்பியோடு கேரம் விளையாட வருவான். வரும்போதெல்லாம் ஒரு சொம்புத் தண்ணியைக் காலி பண்ணுவான். அவன் அம்மா எங்க திண்ணையில் உட்கார்ந்து, ‘‘இத்தன வயசுல மறுபடி பாயை நனைக்கிறான் மதினி, உடம்பும் கரைஞ்சு போச்சு’’ என்றார். வெயில் என்றார் ஒருத்தர். வயித்துல பூச்சி என்றார் இன்னொருத்தர். எனக்குத் திக்கென்றது. 2016-ல் நான் அப்படியேதான் இருந்தேன். ‘‘ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லும்மா’’ என்று அன்றே அம்மாவிடம் சொன்னேன், அம்மாவும் சொன்னார். ‘‘இப்பப் போயி எந்த ஆஸ்பத்திரிக்குப் போறது? போனா கொரோனா ஒட்டிக்கும்’’ என்று அவர்கள் தள்ளிப்போட்டார்கள்.

ரெண்டு நாள் கழித்துக் காலையில் அந்த வீட்டில் அழுகைச் சத்தம். பையன் வாந்தி எடுத்துத் துவண்டு கிடந்தான். மூச்சு மட்டும் ஆழமாக, வேகமாக, ஓடி வந்தவன் மாதிரி. ‘மூச்சு வாங்குது’ என்ற வார்த்தை பரவியதும் தெருவில் கதவுகள் சாத்தின. அந்த வருஷம் மூச்சு வாங்கினால் ஒரே அர்த்தம்தான். அவன் அம்மாவோ, ‘‘புள்ளைய மட்டும் தனியா தூக்கிட்டுப் போயிருவாங்களே’’ என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் மீட்டரை எடுத்தேன். அம்மா என்னைப் பார்த்தார். அம்மாவும் நானும் அப்பத்தாவைப் பார்த்தோம். தெருவே பார்க்க, மீட்டரோடு அந்த வாசலுக்குப் போனால் நாலு வருஷ ரகசியம் அதோடு முடிந்தது. அப்பத்தா ஒரு நிமிஷம் வெற்றிலையை மென்றார். ‘‘என்னாத்தா நின்னு பாத்துக்கிட்டு... ஓடு!’’

மாஸ்க்கை இறுக்கிக்கொண்டு போனேன். அவன் மூச்சில் அழுகிய பழ வாசம். விரலைத் துடைத்து, குத்தி, ஸ்ட்ரிப்பில் வைத்தேன். நம்பர் வரவில்லை. ‘ஹை’ என்று இரண்டே எழுத்து. அதாவது, 600-க்கு மேல், மீட்டரால் எண்ணவே முடியவில்லை. 108-க்கு அடித்தோம். ‘‘மூச்சுத் திணறல்னு மட்டும் சொல்லாதீங்கண்ணே. சுகர் மீட்டர்ல ஹைனு வருது, வாந்தி எடுக்கிறான்னு சொல்லுங்க’’ என்று அவன் அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆம்புலன்ஸ் செக்போஸ்ட்டைத் தாண்டி மதுரைக்குப் போனது. கொரோனா இல்லை. இன்சுலின் இல்லாமல் கொழுப்பு எரிந்து, ரத்தம் அமிலமாகிற ‘கீட்டோ அசிடோசிஸ்’. நாலு நாள் ஐ.சி.யூ., அப்புறம் வார்டு, அப்புறம் வீடு.

இது எங்க தெருவுக்கு மட்டும் நடந்ததில்லை. ஜெர்மனியில் 2020 மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை புதிதாக டைப் 1 என்று கண்டுபிடிக்கப்பட்ட 532 பிள்ளைகளைக் கணக்கெடுத்தார்கள். கிட்டத்தட்ட 45 சதவிகிதம் பேர் இந்தக் கீட்டோ அசிடோசிஸோடுதான் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். முந்தின வருஷம் அதே மாதங்களில் அது 25 சதவிகிதத்துக்கும் கீழே. ஜெர்மனியிலேயே அந்தக் கதை! அங்கேயும் பயந்திருக்கிறார்கள், அங்கேயும் தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ரகசியம் உடைந்த மறுநாள் என்ன ஆனது? கல்யாணப் பேச்செல்லாம் யாரும் பேசவில்லை. மாறாக, தெருவில் பாதிப் பேர் விரலை நீட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். ‘‘எனக்கும் பாத்துச் சொல்லு கண்ணு.’’ பத்து ஸ்ட்ரிப்பை முந்தானையில் முடிந்துகொண்டு, ‘‘கெளம்புங்க கெளம்புங்க, இது புள்ளைக்கு’’ என்று விரட்டியது சாட்சாத் அப்பத்தா. ஒரு சொந்தக்கார அத்தை மட்டும் போனில் அம்மாவிடம், ‘‘அப்ப வயித்துக் கோளாறு இல்லையா?’’ என்று ரொம்ப வருத்தப்பட்டார்களாம். நாலு வருஷம் எனக்காக ஓம வாட்டர் வாங்கிக் கொடுத்தவர் பாவம்!

பையன் வீட்டுக்கு வந்ததும், அவன் அம்மாவுக்கு ஊசி பழக்கும் வேலை எனக்கு. ஆஸ்பத்திரியில் கற்றுக்கொடுத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் தன் பிள்ளை வயிற்றில் குத்தக் கை வரவில்லை. பதினெட்டு நாள் காலையும் ராத்திரியும் எங்க வாசலில் வந்து நின்றார்கள். என் வயிற்றில் நான் போட்டுக்காட்டுவேன். பத்தொன்பதாம் நாள், ‘‘இன்னைக்கு நானே போட்டுட்டேன்’’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதார்.

2021 மே மாதம், ரெண்டாவது அலையில், எனக்கும் கொரோனா வந்தே விட்டது. பயந்ததெல்லாம் முந்தின வருஷமே தீர்ந்திருந்ததோ என்னவோ, அதைக் கடந்தது சுலபமாக இருந்தது. காய்ச்சலில் சாப்பாடு இறங்கவில்லை, ஆனால் இன்சுலினை நிறுத்தவில்லை. ‘சாப்பிடலையே, எதுக்கு ஊசி’ என்று நிறுத்துவதுதான் எங்களைக் கவிழ்க்கிற இடம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் சுகர், நிறையத் தண்ணி, தினமும் டாக்டரம்மாவுக்கு ஒரு போன். பன்னிரண்டு நாளில் எழுந்துவிட்டேன். சுகரே இல்லாத அப்பாவுக்குத்தான் ஸ்டீராய்டு ஊசியால் 340-க்குப் போனது. கருப்புப் பூஞ்சை செய்தி ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. என் மீட்டர், என் ஸ்ட்ரிப், ‘‘என்னப்பா தின்னீங்க?’’ என்ற என் கேள்வி... அம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். ஸ்டீராய்டு நின்றதும் அவருக்கு இறங்கிவிட்டது.

அந்தப் பையன் இப்போது டீன் ஏஜுக்கே வந்துவிட்டான். மீசை அரும்புகிறது, கபடி டீமில் ரைடர், அவன் அம்மாவோடு தினமும் நம்பர் சண்டை. போன வாரம் ஹாஸ்டலுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். ‘‘அக்கா, சனிக்கிழமை டோர்னமென்ட். மூணு மேட்ச் இருக்கு. காலைல எத்தனை யூனிட் கொறைக்கணும்? அம்மாகிட்ட கேட்டா வெளையாடவே போகாதங்குது.’’

டாக்டரம்மா நம்பரை அனுப்பினேன். கூடவே, ஜெர்ஸி பாக்கெட்டில் குளுக்கோஸ் வைக்கச் சொன்னேன். கோச்சிடம் முதலிலேயே சொல்லிவிடச் சொன்னேன்.

‘‘கோச்சுக்கு மட்டுமா? எதிர் டீமுக்கே தெரியும்க்கா’’ என்று பதில் வந்தது.